ஆமதாபாத்தின் ஆசை

2025-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு மகாசபை, 2030-ம் வருஷத்துப் பந்தயங்களை நடத்தும் உரிமையை ஆமதாபாத் நகருக்கு அளித்துத் தீர்மானம் செய்தது. குஜராத்தியர் வாணம் விட்டு மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் ஆமதாபாத்தின் ஆசை அதனோடு நிற்பதாக இல்லை. 2036-ம் வருஷத்து ஒலிம்பிக் பந்தயங்களை நடத்த இந்தியா விரும்புகிறதென்று 2024 அக்டோபர் 1-ந் தேதியே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்குக் கடிதம் போயிற்று. 2025 ஜூலையில் ஒரு தூதுகோஷ்டி ஸ்விட்ஜர்லாந்திலுள்ள லோஸான் நகரத்துக்குச் சென்று, ஊர் ஆமதாபாத் என்பதையும் அறிவித்துத் திரும்பியது. 2030 ஒத்திகை, 2036 தான் நாடகம் என்பதே இம்முயற்சியின் கருத்தென்று தெரிகிறது.

காமன்வெல்த் பந்தயங்கள் ஆமதாபாத்துக்கு வருவதில் சரித்திரம் செய்திருக்கும் ஒரு வேடிக்கையைப் பலர் கவனிக்கவில்லை. இப்பந்தயங்கள் முதன்முதலாக 1930-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கனடாவிலுள்ள ஹாமில்டன் நகரில் நடைபெற்றன. அன்று இவற்றின் பெயர் 'பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் பந்தயங்கள்'. பதினொரு நாடுகள் கலந்துகொண்டன. இந்தியா அவற்றில் இல்லை. அதே வருஷம் மார்ச் 12-ந் தேதியன்றுதான் ஆமதாபாத்தின் சபர்மதிக் கரையிலிருந்து மகாத்மா காந்தி எழுபத்தெட்டுத் தொண்டர்களுடன் தண்டிக்குப் புறப்பட்டார். ஹாமில்டனில் சாம்ராஜ்யத்தின் வாலிபர்கள் ஓடியும் தாண்டியும் கொண்டாடிய ஆகஸ்டு மாதத்தில், அவர் எரவாடா சிறைக்குள் இருந்தார். அந்தச் சாம்ராஜ்யம் போயிற்று. பந்தயத்தின் பெயரிலிருந்த 'சாம்ராஜ்யம்' என்ற சொல்லும், பின்னர் 'பிரிட்டிஷ்' என்ற சொல்லும் படிப்படியாக உதிர்ந்தன. இப்பொழுது நூற்றாண்டு விழா சபர்மதிக் கரைக்கே வருகிறது. வரட்டும், வந்த விருந்தாளியை வாசலில் நிறுத்திப் பழைய வழக்குப் பேசுவது நமது வழக்கமன்று. ஆனால் விருந்துக்கு இலை போடுமுன் வீட்டிலுள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டுமல்லவா? அதைப்பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில், இந்த உரிமை எவ்வாறு நம் கைக்கு வந்ததென்று பார்ப்போம். உலகத்தாரெல்லாம் போட்டியிட, அவர்களை வென்று பெற்ற பரிசு இதுவெனச் சிலர் முழங்குகிறார்கள். உண்மை அதுவன்று. 2022-ம் வருஷத்துப் பந்தயங்களை ஏற்றிருந்த தென்னாப்பிரிக்க டர்பன் நகரத்திடமிருந்து, பண ஏற்பாடு செய்ய இயலாத காரணத்தால், 2017-ல் அவ்வுரிமை பறிக்கப்பட்டது. 2026-ம் வருஷத்தை ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா சர்க்கார், முதலில் 260 கோடி டாலர் என்று மதிப்பிட்ட செலவு 600 கோடிக்கு மேல் போகிறதெனக் கூறி 2023 ஜூலையில் கையை விரித்தது. விலகியதற்காக 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்டஈடும் கட்டியது. அதற்குப் பதிலாக முன்வந்த கிளாஸ்கோ, பத்து விளையாட்டுகள் மட்டும் போதுமென்று பந்தயத்தையே சுருக்கிக்கொண்டுதான் 2026-ம் வருஷத்தை ஏற்றது. 2030-க்கு முயன்ற கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணமும் 2023 ஆகஸ்டில் பின்வாங்கியது. பிறந்த ஊராகிய ஹாமில்டனே நூற்றாண்டு விழாவை நடத்தும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டது. கடைசியில் நம்மோடு நின்றது நைஜீரியாவின் அபூஜா ஒன்றே. தனவந்த தேசங்கள் கணக்குப் பார்த்து ஒதுக்கிய சுமையை நாம் மகிழ்ச்சியோடு தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். சுமக்கும் வலிமை நமக்கு இருக்கலாம். ஆனால் அவர்கள் பார்த்த கணக்கை நாமும் பார்க்கவேண்டும்.

ஏனெனில், இந்தச் சுமையை நாம் ஒருமுறை சுமந்திருக்கிறோம். 2003 நவம்பரில் ஜமெய்க்காவில் நடந்த வாக்கெடுப்பில் தில்லி 46 வாக்குகளும் ஹாமில்டன் 22 வாக்குகளும் பெற்றன. வீரர்களைப் பயிற்றுவிக்க ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு லட்சம் அமெரிக்க டாலர் தருவதாக நம்மவர் சொன்ன வாக்கும் அந்த வெற்றிக்கு உதவியது. அந்த 2003-ல் செலவு ரூ. 297 கோடியாகும் என்றார்கள். 2010-ல் பந்தயம் முடிந்தபின், மத்திய சர்க்காரும் தில்லி சர்க்காரும் ஏற்ற பொறுப்பு ரூ. 18,532 கோடி என்று தேசத்தின் தலைமைத் தணிக்கை அதிகாரியின் 2011-ம் வருஷத்து அறிக்கை கூறியது. விமான நிலையத்துக்கும் மெட்ரோ ரயிலுக்கும் ஆன செலவு இதில் சேரவில்லை. அறுபது மடங்குக்கு மேல் ஒரு கணக்கு வளருமானால், முதலில் போட்டதைக் கணக்கு என்று எப்படிச் சொல்வது?

பந்தயங்கள் தொடங்கப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் இருக்கையில், பிரதான மைதானத்துக்கு அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து விழுந்து இருபதுக்கு மேற்பட்ட கூலியாட்கள் காயமடைந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே, தில்லி ஹைகோர்ட்டு நியமித்த குழு ஒன்று வேலைத்தலங்களைப் பார்வையிட்டு, தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்காதிருந்ததையும், அவர்கள் தங்கியிருந்த இடங்களின் அவலத்தையும் எடுத்துக் காட்டியிருந்தது. ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் 2011 ஏப்ரலில் கைதானார். பதினான்கு வருஷங்கள் சென்றபின், 2025 ஏப்ரலில், அவர்மீதிருந்த பணமோசடி விசாரணையை முடித்துக்கொள்வதாக அமலாக்க இலாகா சொல்ல, கோர்ட்டும் அதனை ஏற்றது. குற்றமென்றால் தண்டனையும், குற்றமில்லையென்றால் விடுதலையும் காலத்தில் கிடைத்திருக்கவேண்டும். இரண்டும் காலத்தில் நடவாததால் ஜனங்களுக்கு மிஞ்சியது சந்தேகம் ஒன்றுதான்.

இவ்வளவு சொன்ன நாம் மற்றொன்றையும் மறைக்கலாகாது. அதே தில்லியில் நமது வீரர்களும் வீராங்கனைகளும் 38 தங்கம் உள்ளிட்ட 101 பதக்கங்கள் வென்று இரண்டாம் இடம் பெற்றார்கள். அதுவரையில் நாம் கண்டிராத வெற்றி அது. சொந்த மண்ணில், சொந்த ஜனங்களின் ஆரவாரத்துக்கிடையே ஓடுவதில் ஒரு சக்தி இருக்கத்தான் செய்கிறது. ஆதலின் பந்தயமே வேண்டாமென்போரின் கட்சியில் நாம் இல்லை.

ஒலிம்பிக் விஷயமோ இதனினும் பெரிது. 1976-ம் வருஷத்துப் பந்தயத்தை நடத்திய மான்ட்ரியால் நகரம், அதன் கடனைத் தீர்க்க 2006-ம் வருஷம் வரையில், அதாவது ஒரு தலைமுறைக் காலம், வரி கட்டியது. இத்தகைய அனுபவங்களைக் கண்ட ஐரோப்பிய நகரங்கள் பல, விண்ணப்பம் செய்யும் முன்பாகவோ செய்த பின்போ தம் ஜனங்களின் எண்ணத்தை அறிந்துகொள்கின்றன. ஹாம்பர்க் நகரத்தார் 2015 நவம்பரில் வாக்களித்து, 51.6 சதவிகிதத்தினர் வேண்டாமென்றனர். அத்துடன் முயற்சி நின்றது. புடாபெஸ்ட் நகரில் வாலிபர்கள் 2017-ல் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துத் திரட்டினர். வாக்கெடுப்பு நடக்குமுன்பே நகரம் விலகிக்கொண்டது. கேட்டால் ஜனங்கள் மறுத்தே விடுவார்கள் என்று இதைக்கொண்டு அஞ்சவேண்டுவதில்லை. 2025 அக்டோபரில் ம்யூனிக் நகரத்தாரைக் கேட்டபொழுது, மூன்றில் இரண்டு பங்கினர் வரட்டுமென்று வாக்களித்தார்கள். கேட்டுப் பெற்ற சம்மதத்துக்கு உள்ள பலம், கேளாமல் எடுத்துக்கொண்ட சம்மதத்துக்கு ஏது?

ஒலிம்பிக் கமிட்டியார் 2019-ல் தேர்தல் முறையை மாற்றினார்கள். முன்போல் நகரங்கள் பகிரங்கமாகப் போட்டியிட்டு வாக்குப் பெறுவது போய், கமிட்டியாரும் விரும்பும் நகரத்தாரும் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளும் முறை வந்திருக்கிறது. 2032-ம் வருஷம் பிரிஸ்பேன் நகருக்கு அவ்விதமே கிடைத்தது. விரயமான போட்டிச் செலவு குறைகிறதென்பது வாஸ்தவம். ஆயினும் அறைக்கதவு மூடிய பேச்சில், பணம் கொடுக்கப்போகிற ஊரார் வெளித்திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். புதிய தலைவி கிர்ஸ்டி காவென்ட்ரி அம்மையார் 2025 ஜூனில் பதவி ஏற்றவுடன், இம்முறையைச் சிறிது நிறுத்தி யோசிக்க வேண்டுமென்றார். அவர்கள் யோசிக்கும்பொழுது நாமும் யோசித்தால் கெட்டுப்போகாது.

ஆமதாபாத் யோசிக்கத் தெரியாத ஊரன்று. வல்லபாய் படேல் 1924 முதல் 1928 வரை தலைமை வகித்த நகரசபை அது. 1918-ல் ஆலைத் தொழிலாளரின் கூலிக்காக மகாத்மா உண்ணாவிரதமிருந்த ஊர் அது. அந்த ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. வேலையிழந்தோர் உட்பட ஏழைக் குடும்பங்கள் பல சபர்மதியின் இரு கரைகளிலும் குடிசை போட்டு வாழ்ந்தன. நதிக்கரையை அழகு செய்யும் திட்டம் வந்தது. 2005-ல் வேலை தொடங்கியது. குடிசைவாசிகள் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் கரையை விட்டு அகற்றப்பட்டு, வட்வா முதலிய தூரமான இடங்களில் வீடு பெற்றன. பிழைப்பு ஒரு மூலையிலும் வீடு ஒரு மூலையிலும் ஆயிற்று. இன்று நதிக்கரை அழகாகத்தான் இருக்கிறது. அதே நதிக்கு அப்பால் மொடேராவில், 1,32,000 பேர் உட்காரக்கூடிய உலகப் பெரிய கிரிக்கெட் மைதானமும் நிற்கிறது. அதனைச் சுற்றியே புதிய பந்தய நிலையங்கள் எழவிருக்கின்றன. நிலம் யாருடையது, குடியிருப்போர் எங்கே போவர், கூலிவேலை செய்யப்போகிறவர்களுக்கு நிழலும் நீரும் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு முதல் மண்வெட்டி விழுமுன் விடை எழுதி வைக்கவேண்டும்.

இப்படிக் கேட்பவர்களைத் தேசாபிமானம் குறைந்தவர்கள் என்று ஒரு கூட்டத்தார் ஏசுகிறார்கள். அவர்களுக்கு 1930-ம் வருஷத்தையே நினைவூட்ட விரும்புகிறோம். தண்டிக்குப் புறப்படுமுன், மார்ச் 2-ந் தேதி, மகாத்மா வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்: வைஸ்ராயின் மாதச் சம்பளம் ரூ. 21,000; இந்தியனின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. அந்நியனிடம் கணக்குக் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. யாத்திரை பாதி வழிக்குமேல் சென்றிருந்த மார்ச் 29-ந் தேதி, பாட்கம் என்ற கிராமத்தில் தம் தொண்டர்களையே நிறுத்தி வைத்துக் கண்டித்தார். பால் சூரத்திலிருந்து மோட்டாரில் வருகிறது. இரவில் கூலியாள் ஒருவன் கனத்த விளக்கைச் சுமந்துகொண்டு ஓட்டமாக விரட்டப்படுகிறான். ஏழை தேசத்தின் பெயரால் நடப்பவர்களுக்கு இது தகுமா என்று அவர் மனம் வெதும்பினார். சுதந்திரப் போரின் நடுவிலேயே பாலுக்கும் விளக்குக்கும் கணக்குப் பார்த்தவரைத் தேசாபிமானம் இல்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை.

தேச கௌரவம் என்கிறார்கள். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 140 கோடி ஜனங்களின் நாடு பெற்றது ஆறு பதக்கங்கள். தங்கம் ஒன்றும் இல்லை. ஊக்க மருந்துச் சோதனையில் அகப்படுவோர் விகிதத்திலோ, 2023, 2024 ஆகிய இரு வருஷங்களிலும், அதிகச் சோதனை நடத்தும் நாடுகளில் நாமே முதலிடம். மைதானத்தைக் கட்டிவிட்டால் வீரர்கள் தாமே முளைத்துவிடமாட்டார்கள். கிராமப் பள்ளிக்கூடத்தில் ஓடுகிற சிறுமிக்கு ஒரு ஜோடிச் செருப்பும், வயிறாரச் சோறும், கைக்கூலி கேளாத ஒரு பயிற்சியாசிரியரும் கிடைக்கும் வழியை இந்தச் செலவுப் பட்டியலில் எங்கே காட்டப் போகிறார்கள்?

நாம் கேட்பது அதிகமில்லை. 2030-க்கும் 2036-க்கும் மதிப்பிடும் செலவைத் தனித்தனியே, யார் எவ்வளவு தருவதென்ற விவரத்துடன், பார்லிமெண்டிலும் குஜராத் சட்டசபையிலும் வைக்கவேண்டும். மதிப்பு மாறும்பொழுதெல்லாம் காரணத்துடன் திரும்பவும் வைக்கவேண்டும். தணிக்கை அதிகாரி எல்லாம் முடிந்தபின் வந்து பிரேத விசாரணை செய்வதைவிட, ஆரம்பம் முதலே வருஷந்தோறும் பார்வையிடட்டும். லோஸானில் கொடுக்கும் திட்டப் பத்திரத்தை குஜராத்தி பாஷையில் அச்சிட்டு, ஆமதாபாத் நகரசபையின் ஒவ்வொரு வட்டத்திலும் வைத்து, குறைகளைக் கேட்க மூன்று மாத அவகாசம் கொடுக்கட்டும். அந்த மூன்று மாதம் கழிந்தபின் தூதுகோஷ்டியார் மறுபடி கப்பலேறட்டும். விமானமேறினாலும் நமக்கு ஆட்சேபமில்லை.