அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்



வேலை ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் இப்போது கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் தமிழில் தட்டச்சு செய்யப் பழகிவிட்டார்கள். அவர்களில் சிலர் விக்கிப்பீடியாவில் தாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பற்றி எழுதத் தொடங்குகிறார்கள். லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, ஆயாக்கொட்டகை என்று நினைவில் உள்ளதையெல்லாம் பல நாள் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மறுநாள் பார்த்தால் எழுதியது காணோம்! 'சான்று இல்லை' என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. மனம் நொந்து அதோடு விட்டுவிடுகிறார்கள்.

இது யாரும் வேண்டுமென்று செய்த அநியாயம் அல்ல. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. அதைக் கவனித்துக்கொள்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நம்பத்தகுந்த நூலிலோ பத்திரிகையிலோ ஏற்கெனவே வெளிவந்த செய்தியைத்தான் அங்கே எழுத வேண்டும் என்பது விதி. விதி தேவைதான். அது இல்லாவிட்டால் நம் வரலாற்றைத் திரித்து எழுதுபவனையும் தடுக்க முடியாது.

ஆனால், விதி எல்லாருக்கும் ஒன்று என்றாலும் சுமை ஒன்றல்ல! தோட்ட முதலாளிக்குக் கம்பெனி அறிக்கை இருந்தது, ஆங்கிலப் பத்திரிகை இருந்தது. பால்மரம் வெட்டியவனுக்கு என்ன இருந்தது? 1941 கிள்ளான் வேலைநிறுத்தமும், 1942-43 சயாம் மரண ரயில் பாதையும் எத்தனையோ குடும்பங்களில் வாய்மொழியாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. 1924இல் தோன்றிய தமிழ் நேசனும் 2019இல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழ்களைத் தேடிப் பிடிப்பது சாதாரணத் தொழிலாளிக்கு எளிதா?

ஆகவே பழைய தொகுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதியவர்களைக் கடிந்து விரட்டாதீர்கள் என்று ஆங்கில விக்கிப்பீடியாவிலேயே ஒரு வழிகாட்டல் உண்டு. 'ஐயா, இந்தத் தகவல் எந்த மலரில் வந்தது?' என்று உரையாடல் பக்கத்தில் ஒரு வரி கேட்டுவிட்டு அழித்தால் என்ன? ஐந்து நிமிட வேலை. ஒரு மனிதர் நம்மோடு நிற்பார்.

நமக்கும் கடமை உண்டு. தோட்டக் கோயில் திருவிழா மலர், பள்ளி ஆண்டு மலர், பழைய பத்திரிகைத் துண்டு எதையும் வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அச்சில் வந்த ஒரு பக்கம் நாளை சான்றாக நிற்கலாம். பெரியவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் ஒலிப்பதிவு செய்யட்டும். ஊர்ச் சங்கங்கள் அவற்றைச் சிறு நூலாக அச்சிட்டு, தேசிய நூலகத்துக்கும் படிகள் அனுப்பட்டும்.

திருத்தம் நீக்கப்பட்டாலும் பதற வேண்டாம். பக்கத்தின் 'வரலாறு' பகுதியைத் திறந்தால் நீக்கிய வரிகள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். முழுக் கட்டுரையும் நீக்கப்பட்டிருந்தால் நிர்வாகியிடம் மரியாதையாகக் கேளுங்கள், அவரால் மீட்டுத் தர முடியும். அடுத்த முறை மணல்தொட்டியில் எழுதிப் பழகி, ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்டிச் சேருங்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. அங்கே நாம் வாழ்ந்தோம் என்பதற்கு நாம் எழுதி வைப்பதே சாட்சி. எழுதுவோம், சான்றோடு எழுதுவோம்!