ஈ கட்டும் கையும் தோல் பதனிடும் கையும்

தூண்டில் என்றால் நமக்குத் தெரியும். மூங்கில் குச்சி, நரம்பு, முள், தக்கை, மண்புழு. பாலாற்றில் மழைக்குத் தண்ணீர் வந்தால் ஆற்காட்டிலிருந்து ஆம்பூர் வரை நம் தெருப் பிள்ளைகள் கையில் இதுதான் இருக்கும். ஐரோப்பியர்கள் இதை வேறு மாதிரிச் செய்தார்கள். புழுவுக்குப் பதில் முள்ளின் மேல் இறகையும் மயிரையும் நூலால் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. அதை வீசி மீனை ஏமாற்றுவதற்குப் பெயர் ஃப்ளை ஃபிஷிங். அந்தப் பூச்சியைச் செய்வதற்கு 'ஈ கட்டுதல்' என்று சொல்லிக்கொள்ளலாம். துரைமார்களின் விளையாட்டுப் பற்றி நமக்கென்ன என்று சில தோழர்கள் கேட்கலாம். அதில் நம் தோலும் இருக்கிறது, நம் ஆறும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் இறகு. சாம்பல் நிறக் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே வாழும் பறவை. அந்தச் சேவலின் கழுத்து இறகில் மெழுகுச் சொட்டு விழுந்ததுபோல மின்னும் புள்ளிகள் உண்டு. ஸ்காட்லாந்து ஆறுகளில் சால்மன் மீனுக்குக் கட்டும் 'ஜாக் ஸ்காட்' போன்ற பொய்ப்பூச்சிகளுக்கு இந்த இறகு இல்லாமல் முடியாது என்ற நிலை இருந்தது. கழுத்துத் தோலோடு உரித்து, காயவைத்து, கப்பலேற்றினார்கள். 1902இல் ஆங்கிலேய அரசே இறகு ஏற்றுமதிக்குத் தடை போடும் அளவுக்கு அந்த வணிகம் பெருகியிருந்தது.

யோசித்துப் பாருங்கள். செத்த பறவையின் தோலை மடியில் வைத்து, அதிலிருந்து இறகு பிடுங்கி, கொம்பு, மயிர், ரோமம் எல்லாவற்றையும் விரலால் தொட்டு ஒருவன் வேலை செய்கிறான். லண்டனில் அது கனவான்களின் கலை. அதற்குப் புத்தகம் உண்டு, சங்கம் உண்டு, கண்ணாடிப் பெட்டியில் காட்சி உண்டு. செத்த மாட்டின் தோலை மடியில் வைத்து நம் தாத்தாக்கள் செய்த வேலைக்கோ ஊருக்கு வெளியே ஒரு தெரு. தீட்டு தோலில் இருந்தால் அந்தக் கனவான்களுக்கும் ஒட்டியிருக்க வேண்டுமே! வேலையால் சாதி வந்தது என்று இன்னும் பாடம் நடத்துகிற பேராசிரியர்களிடம் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்.

தண்டனையிலும் இதே கதைதான். 2009இல் இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் 299 பறவைத் தோல்களை ஓர் அமெரிக்க இசை மாணவர் திருடினார், ஈ கட்டுவதற்காக. நீதிமன்றம் கொடுத்தது 12 மாத நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. ஒரு நாள்கூடச் சிறையில்லை. இங்கே ஒரு நரிக்குறவர் காட்டுக்கோழியோடு பிடிபட்டால் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருவார் என்று உங்கள் ஊர் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இரண்டாவது, ஆறு. நீலகிரியில் 1879லேயே துரைமார்கள் வேட்டைக்கும் மீனுக்கும் ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பிறகு மலை ஓடைகளில் வெளிநாட்டு டிரவுட் மீனை விட்டு, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் கட்டினார்கள். தங்கள் விளையாட்டுக்கு ஓடை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் குறியாக இருந்தார்கள். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நஞ்சு, சுண்ணாம்பு, கேடான பொருள் எதையும் மீன் பிடிக்கும் அல்லது கொல்லும் நோக்கத்தோடு தண்ணீரில் போட்டால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம்.

'நோக்கத்தோடு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பசிக்கு நாலு கெண்டை பிடிக்கக் காட்டுக்காயை இடித்துக் குட்டையில் போட்டவர் குற்றவாளி. தோல் ஊறவைத்த சுண்ணாம்புத் தண்ணீரையும் குரோமியத்தையும் பாலாற்றில் திறந்துவிட்டு மொத்த மீனையும் அழித்தவருக்கு மீனைக் கொல்லும் நோக்கம் இல்லை, செலவை மிச்சப்படுத்தும் நோக்கம் மட்டும்தான். அந்தச் சட்டம் அவரைத் தொடாது.

அவரைத் தொட 1996 ஆகஸ்ட் 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அந்தத் தீர்ப்பு சொல்கிறது. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் 28 வருடத்துக்கு மேல். அந்த இடைவெளியில்தான், 2015 ஜனவரி இறுதியில், ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.

தொழிற்சாலையை மூடு என்பது நம் கோரிக்கை அல்ல. நம் அக்கா தங்கைகள் ஷூ கம்பெனி பஸ்ஸில்தான் போகிறார்கள். நம் கேள்வி வேறு. இழப்பீட்டுக் கணக்கு நிலத்தையும் கிணற்றையும் வைத்துப் போடப்படுகிறது. பட்டா இருப்பவர் கணக்கில் வருவார். நிலமே இல்லாத சேரிக்கு அந்த ஆறுதான் நிலம். கெளுத்தியும் விராலும் காசில்லாமல் கிடைத்த சாப்பாடு. அந்தச் சோறு போனதை எந்தப் படிவத்தில் எழுதுவது? இன்று அதே பெண்கள் சந்தையில் வளர்ப்பு ஜிலேபி மீனை எடை போட்டு வாங்குகிறார்கள். அந்தப் பணத்தை யார் ஈடுகட்டுவது?

ஆறு போனால் ஏரி இருக்கிறதே என்பார்கள். ஏரியில் மீன்பாசி குத்தகை என்று ஒன்று இருக்கிறது. நாங்கள் வேலை செய்யும் ஊர்கள் பலவற்றில் ஏலம் கோயில் மேடையில் நடக்கும், காலனிக்குத் தண்டோரா வராது. எடுத்தவர் யார், பணம் எவ்வளவு, எந்தக் கணக்கில் சேர்ந்தது, ஒன்றும் தெரியாது. ஏரி எல்லாருக்கும் பொது என்பது பேச்சு. தூண்டிலோடு கரையில் உட்கார்ந்த நம் பையனை விரட்டும்போதுதான் அது யாருடையது என்று தெரிகிறது. மகாத் குளத்தில் 1927இல் பாபாசாகேப் அள்ளியது தண்ணீர். மீன் இன்னும் பாக்கி.

ஆகவே தோழர்களே, இந்த விடுமுறையில் ஒரு வேலை. உங்கள் ஊர் ஏரி ஊராட்சியுடையதா, நீர்வளத்துறையின் பொறுப்பில் உள்ளதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கடந்த 5 பசலிகளுக்கான மீன்பாசி குத்தகை விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஏல அறிவிப்பு எந்த இடத்தில் ஒட்டப்பட்டது என்பதையும் தனிக் கேள்வியாகச் சேருங்கள். அதற்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. வராத பதிலுக்கு மேல்முறையீடு எழுத நாங்கள் கூட இருக்கிறோம்.