சிமெண்டில் சிக்கனம் வேண்டும்

பெங்களூருவில் தெருவுக்குத் தெரு மாடிக் கட்டிடங்கள் எழும்புகின்றன. அவற்றில் கலவை சுமக்கும் கைகளில் தமிழர்களின் கைகளும் உண்டு.

கட்டிடம் குடிவருவதற்கு முன்பே காற்றைக் கெடுத்துவிடுகிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். சிமெண்டு தயாரிக்க, சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுடுகிறார்கள். எரிக்கும் நிலக்கரியில் இருந்து மட்டும் அல்ல, அந்தக் கல்லில் இருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7, 8 சதவீதம் சிமெண்டால் வருவதுதான்!

மாற்று வழி இல்லாமல் இல்லை. இதே நகரில் உள்ள இந்திய அறிவியல் கழகம், 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' திட்டத்தின் மூலம், மண்ணில் சிறிதளவு சிமெண்டு சேர்த்து அழுத்திச் செய்யும் கற்களைப் பரப்பியது. இவற்றுக்குச் சூளை தேவை இல்லை. அனல் மின்நிலையச் சாம்பல் கலந்த சிமெண்டு கடையிலேயே கிடைக்கிறது. சுட்ட களிமண் கலந்த சிமெண்டுக்கும் 2023-ல் இந்தியத் தர விதி வந்துவிட்டது. இதனால் கரியமில வாயு 30 முதல் 40 சதவீதம் வரை குறையும்.

ஆனால் ஒன்று. கலப்புச் சிமெண்டு மெதுவாகத்தான் இறுகும். 10 நாட்களாவது தண்ணீர் விட வேண்டும். காண்டிராக்டர் அவசரப்பட்டால் விரிசல் விடும். பழியோ கொத்தனார் தலையில் விழும்.

எனவே, அரசு தன் கட்டிடங்களில் இம்முறையை முதலில் கையாள வேண்டும். கொத்தனார்களுக்குப் பயிற்சி தர வேண்டும். பயிற்சி நாட்களின் கூலியைக் கட்டிடத் தொழிலாளர் நல நிதியில் இருந்து வழங்க வேண்டும். கூலியை இழந்து பாடம் படிக்க யாரால் முடியும்?