பொய் பில் போட்ட கர்னல்

பி.காம். படித்தவனுக்கும் பறவைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஆடிட்டிங் பாடத்தில் 'வவுச்சிங்' என்று ஒரு சமாசாரம் வரும். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பதை நம்பாதே, ஒரிஜினல் பில்லைக் கொண்டா என்பதுதான் அதன் சாரம். பறவை விஞ்ஞானிகளும் இதையேதான் செய்கிறார்கள். புதுப் பறவை ஒன்றுக்குப் பெயர் வைத்தால், எந்த உடலைப் பார்த்து வைத்தார்களோ அதில் பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி, மியூசியம் டிராயரில் வைத்துவிடுவார்கள். இதற்கு 'டைப் ஸ்பெசிமன்' என்று பெயர். நூறு வருஷம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் அந்த டிராயரைத்தான் திறக்கவேண்டும்.

1872-ல், இன்றைய சத்தீஸ்கரில், ப்ளூவிட் என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு சின்ன ஆந்தை கிடைத்தது. அதற்கு அடுத்த வருஷம் அவர் பெயரையே வைத்தவர் ஏ.ஓ.ஹ்யூம். ஆமாம், 1885-ல் காங்கிரஸ் ஆரம்பித்தாரே, அவரேதான்! பாவம், அவர் பல வருஷம் எழுதிச் சேர்த்த பறவைக் குறிப்புகளை வேலைக்காரன் சிம்லா பஜாரில் எடைக்குப் போட்டுவிட்டான். மனசு வெறுத்த ஹ்யூம், சேகரித்த பறவைகளை எல்லாம் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, வேலைக்காரன் அதையும் எடைக்குப் போடவில்லை.

அந்த ஆந்தைக்கு உலக மியூசியங்களில் இருந்தது மொத்தமே ஏழு உடல்கள். 1884-க்குப் பிறகு ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்ததாகச் சொன்னவர் ஒரே ஆசாமி, கர்னல் மைனர்ட்ஸ்ஹாகன். 1914-ல் குஜராத் மாண்ட்வியில் தானே சுட்டதாகச் சீட்டு எழுதி மியூசியத்துக்கு ஒன்று கொடுத்திருந்தார். கர்னல் சொன்னால் சும்மாவா? ஆந்தை இன்னும் முப்பது வருஷம் இருந்ததாகவும், குஜராத்தில் குடியிருந்ததாகவும் புத்தகங்களில் ஏறிவிட்டது. சலீம் அலியும் ரிப்ளியும்கூடத் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியனில் இருந்த பமேலா ராஸ்முஸ்ஸென் என்ற அம்மையார், இங்கிலாந்தின் நைஜல் காலருடன் சேர்ந்து, ஏழு உடல்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கர்னலின் ஆந்தையை எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே கர்னலின் கைவேலை. உள்ளேயோ வேறு ஒருத்தரின் தையல் பாணி! 1880-களில் மகாராஷ்டிராவின் காந்தேஷில் பறவை சேகரித்த ஜேம்ஸ் டேவிட்சனின் பாணி அது. மியூசியத்திலிருந்து சுட்டு, பஞ்சை மாற்றி, புதுச் சீட்டுக் கட்டி, அதே மியூசியத்துக்கே தானம் செய்திருக்கிறார் மனுஷன். (முதல் 'சுட்டு' துப்பாக்கியால், இரண்டாவது கையால்.) அனுமதியில்லாமல் பறவைகளை எடுத்துப் போனார் என்று 1919-லேயே பறவை அறைக்குள் நுழையத் தடை போட்டார்கள். பிறகு மறுபடியும் உள்ளே விட்டார்கள். பெரிய இடத்துச் சிபாரிசு எங்கேதான் இல்லை?

"செத்த ஆந்தை எந்த ஊரில் செத்தா என்னங்க?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனால் தப்பான ஊரில் தேடிக் கிடைக்காவிட்டால் 'அழிந்துவிட்டது' என்று ஃபைலை மூடிவிடுவார்கள். அது நிஜமாகவே இருக்கும் காட்டைப் பற்றி அப்புறம் யார் கவலைப்படுவார்கள்?

ராஸ்முஸ்ஸென் கர்னலின் சீட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். நிஜமான சீட்டுகளில் இருந்த இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு, பென் கிங், டேவிட் அபாட் இருவரோடும் இந்தியா வந்தார். முதலில் கிழக்கே போனார்கள். ஊஹும். பிறகு டேவிட்சனின் காந்தேஷ். டிராயரில் பார்த்துப் பார்த்து அடையாளம் மனப்பாடம்: அதிகம் புள்ளியில்லாத தலை, வாலில் பட்டைப் பட்டைக் கோடு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய நகக்கால். இது தெரியாததால்தான் முன்னே சிலர் சாதாரணப் புள்ளி ஆந்தையைப் படமெடுத்து 'அதுதான் இது' என்று ஏமாந்திருந்தார்கள்.

1997 நவம்பர் 25, காலை. ஷஹாதா பக்கத்துக் காட்டில், இலையில்லாத மரத்தில், வெட்டவெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தது. 113 வருஷம் தலைமறைவு என்று பேர், ஆனால் இந்த ஆந்தை பகலில்தான் நடமாடும்! பதறாமல் வீடியோ எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு மேல்காட்டிலும் வேறு சில காடுகளிலும் கண்டுபிடித்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. குஜராத்திலும் இப்போது இருக்கிறது.