கஞ்சா கேஸில் ஃபைன் கட்டினால் முடிந்ததா? அரசு வேலை போலீஸ் வெரிஃபிகேஷனில் என்ன நடக்கும்?

நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களில் ஒரு பிள்ளைக்கு அரசு வேலை கிடைப்பது குடும்பத்தின் பல வருடக் கனவு. காவலர் தேர்வோ, ரயில்வேயோ, பக்கத்தில் நெய்வேலியில் பாதுகாப்புப் பணியில் இருக்கும் சிஐஎஸ்எஃப் படையோ, எழுத்துத் தேர்வும் உடற்தகுதியும் தாண்டிய பிறகு ஒரு கட்டம் பாக்கி இருக்கும்: போலீஸ் வெரிஃபிகேஷன். கல்லூரி நாட்களில் கஞ்சாவுடன் ஒருமுறை சிக்கியவருக்கு அங்கேதான் பயம் தொடங்குகிறது. 'அப்பவே ஃபைன் கட்டியாச்சே, இப்போ யார் பார்க்கப் போறா?' என்று தைரியம் சொல்பவர்கள் உண்டு. ஆனால், பார்ப்பார்கள்.

படிவம் கேட்பது என்ன?

மத்திய அரசுப் பணிகளுக்கான சரிபார்ப்புப் படிவம், எப்போதாவது கைதானதுண்டா, வழக்கு நடந்ததா, அபராதமோ தண்டனையோ விதிக்கப்பட்டதா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்று கேட்கிறது. 'எப்போதாவது' என்பதற்குக் கால வரம்பு இல்லை. அமெரிக்காவில் ரகசியப் பணிகளுக்கான படிவம் 86 வேறு மாதிரி. வழக்கே இல்லாவிட்டாலும் கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தினீர்களா என்று நேரடியாகக் கேட்கும். அங்கே பழக்கம் கேள்வி. இங்கே வழக்குதான் கேள்வி.

ஃபைன் என்றால் தண்டனை

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, கஞ்சா பயன்படுத்தினால் 6 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். ஒரு கிலோ வரையிலான கஞ்சா 'சிறிய அளவு'. அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். கோர்ட்டுக்கு அலைய முடியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைன் கட்டினால், வழக்கு முடியும். ஆனால், சட்டத்தின் கண்ணில் அது 'குற்றவாளி' என்ற தீர்ப்பு. ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்பது அவசியம்.

தமிழ்நாடு காவல் பணியில் விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனை அளித்தோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2008-ல் இதை ஏற்றது.

மறைத்தால்?

அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016-ல் வழிகாட்டியது. கேட்ட விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும். அற்பமான வழக்கை மறைத்திருந்தாலும் நிர்வாகம் மன்னிக்கலாம். அதேசமயம், உண்மையைச் சொன்னாலும் வேலை கொடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆக, உண்மை சொன்னவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. மறைத்துச் சிக்கியவர், வேலையில் சேர்ந்த பிறகும் அதை இழக்கலாம்.

18 வயதுக்குள் நடந்தது என்றால், 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. 16 வயதைக் கடந்து, பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.

சிகிச்சைக்குப் போனால் ரெக்கார்டா?

இந்தப் பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது இரட்டை இழப்பு. போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு வழக்கிலோ சிக்கிய அடிமையானவர், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. பாதியில் நிறுத்தினால் விலக்கு பறிபோகலாம். வழக்கே இல்லாமல் சிகிச்சைக்குப் போவது குற்றப் பதிவு ஆகாது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சிகிச்சை ரகசியத்தையும் காக்கிறது. கட்டணமில்லா தேசிய உதவி எண்: 14446.

மாற வேண்டியது

வியாபாரிக்கும், 19 வயதில் ஒருமுறை புகைத்தவருக்கும் சட்டமே தண்டனையில் வித்தியாசம் பார்க்கிறது. ஆனால், வேலை என்று வரும்போது எத்தனை ஆண்டு சுத்தமாக இருந்தால் போதும் என்று எங்கும் எழுதப்படவில்லை. முடிவு அதிகாரியின் கையில். ஆயுதம் ஏந்தும் பணிக்குக் கண்டிப்பு தேவைதான். அந்தக் கண்டிப்புக்கு ஒரு கால வரம்பும் வேண்டும். சிறிய அளவு வழக்கு, சிகிச்சை, அதன் பிறகான நடத்தை ஆகியவற்றை எப்படி எடைபோடுவது என்று தேர்வு வாரியங்கள் எழுத்தில் வைக்கட்டும். திருந்தினால் வழி உண்டு என்று தெரிந்தால்தான், படிவத்தில் உண்மையை எழுதக் கை தயங்காது.