இருட்காலம் என்னும் பொய்யுரை மறுப்பு

ஐரோப்பிய மெய்யுணர்வு நூல்களின் வரலாறு கூறப் புகுவாருட் பலர், கிரேக்க நாட்டுப் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் முதலியோரை வியந்து போற்றி, அவ்விடத்தினின்றும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து 17-ஆம் நூற்றாண்டில் விளங்கிய டெக்கார்ட் என்பார்பாற் சென்று நிற்பர். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டும் அறிவு உறங்கிக் கிடந்த இருட்காலம் என்பது அவர் துணிபு. பேரறிஞராகிய ஹெகலும் தம் விரிவுரைகளில் அக்காலத்தை விரைந்து கடக்கவே விரும்பினர். பெரியோர் கூறினர் என்பது பற்றி ஒரு கூற்று மெய்யாகிவிடாது. ஆதலின் அதனை ஆராய்தல் வேண்டும்.

இருட்காலம் என்பார் காட்டும் ஏதுக்கள் மூன்று. இடைக்காலத்தார் முன்னோர் மொழிக்கு அடிமைப்பட்டனர் என்பது ஒன்று. பயனில் வினாக்களிற் பொழுது கழித்தனர் என்பது மற்றொன்று. பின்னோர்க்கு ஒன்றும் வைத்துப் போகவில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றும் பொருந்தா என்பது முறையே காட்டப்படும்.

முதலாவது பொருந்தாது. என்னை? 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபெலார்ட் என்பார், திருச்சபைப் பெரியோர்தம் வாக்குக்கள் ஒன்றொடொன்று மாறுபடும் 158 வினாக்களைத் தொகுத்து, முடிவு கூறாதே மாணாக்கர்முன் வைத்தனர். ஐயமே ஆராய்ச்சிக்கு வாயில் என்பது அவர் கருத்து. 1225 முதல் 1274 வரை வாழ்ந்த தோமா அக்குவினாஸ் தமது பெருநூலின்கண் ஒவ்வொரு வினாவிற்கும் எதிரிகள் கூறும் தடைகளையே முதற்கண் நிறுத்தி, அதன்பின்னரே தம் முடிபு கூறி, அத்தடைகளைத் தனித்தனி விடுத்துச் செல்வர். இறைவாக்கு ஒழிந்த மக்கள் வாக்கைப் பற்றுக்கோடாகக் கொண்ட வாதமே வாதங்களுள் மிக மெலிந்தது எனவும் அவரே கூறினர். பூர்வபக்கத்தை ஒளியாது எடுத்தோதும் ஒருவரை அடிமை என்பது எங்ஙனம்?

அற்றேல், 1277-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆயர் 219 கொள்கைகளைக் கற்பிக்கலாகாதென விலக்கினர் அன்றோ எனின், விலக்கியது உண்மையே. அது புகழத்தக்க செயலும் அன்று. ஆயினும் அவ்விலக்கே அக்காலத்தார் உறங்கினாரல்லர் என்பதற்குச் சான்றாயிற்று. உறங்குவானை வாய் மூடென்று அதட்டுவார் யாண்டும் இலர். உலகம் அநாதியோ, அறிவு எல்லார்க்கும் ஒன்றோ பலவோ என்னும் வினாக்கள் அப்பல்கலைக்கழகத்தில் அத்துணை வன்மையாக வாதிக்கப்பட்டமையாலன்றோ விலக்கு வேண்டியதாயிற்று!

இனி, ஊசிமுனையில் எத்துணைத் தேவதூதர் நின்று ஆடுவர் என வாதித்தனர் என்று எள்ளுவார் உளர். அவ்வினா அவ்வுருவில் இடைக்காலத்தார் நூல் எதனினும் காட்டப்பட்டிலது. ஊசிமுனைப் பேச்சு 17-ஆம் நூற்றாண்டில் அவரை இகழ்ந்தார் எழுத்துக்களிற் காணப்படுவது. அக்குவினாஸ் வினாவியது, பலராகிய தேவதூதர் ஒருங்கே ஓரிடத்து இருத்தல் கூடுமோ என்பதே; கூடாது என்பதே அவர் விடை. உடம்பில்லாத பொருளுக்கும் இடத்திற்கும் உள்ள இயைபு யாது என்னும் வினா நகைக்கத்தக்கதாயின், உடம்பினின்றும் வேறாகிய உயிர் உடம்பொடு எங்ஙனம் இயைந்தது என டெக்கார்ட் இடர்ப்பட்டதும் நகைக்கத்தக்கதே ஆகல் வேண்டும்.

மூன்றாவது ஏது முற்றும் பொய். டெக்கார்ட் தாம் பழையன யாவும் களைந்து புதுவது தொடங்குவதாகக் கூறினர். அவர் 1641-இல் வெளியிட்ட நூலின் மூன்றாம் பகுதியில், எண்ணம் என்னும் செயல் வேறு, அவ்வெண்ணத்தின்கண் எண்ணப்படுபொருள் எய்தும் உண்மை வேறு எனப் பகுத்து, அப்பகுப்பின்மேல் இறையுண்மையை நிறுவுகின்றார். அப்பகுப்பு இடைக்காலப் பள்ளிகளிற் பயின்றது. டெக்கார்ட் இளமையிற் கற்றதும் லா ஃப்ளேஷ் நகரத்து அத்தகைய கல்லூரியிலேயாம். அவர்தம் சொற்களுக்கும் அப்பள்ளியாசிரியர் சொற்களுக்கும் உள்ள ஒற்றுமையைத் தொகுத்து ஜில்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1913-இல் நூலே வெளியிட்டனர். வீட்டை இடித்தேன் என்றவர் அவ்வீட்டுக் கல்லையே கொண்டு கட்டினார் என்பது இதனாற் போதரும்.

அந்நூலின் ஐந்தாம் பகுதியில், முழுநிறைவுடைய பொருள் என்னும் கருத்திலேயே அதன் உண்மையும் அடங்கும் என்று அவர் வாதிப்பர். இதனையொத்த வாதத்தை 11-ஆம் நூற்றாண்டிலேயே அன்செல்ம் என்பார் கூறினர், கவுனிலோ என்னும் துறவி அப்பொழுதே மறுத்தனர், அக்குவினாஸும் ஏற்றிலர். காண்ட் 1781-இல் வேறொரு நெறியால் மறுத்தது பெருஞ்செயலே. ஆயினும் இடைக்காலத்தைத் தாண்டிச் சென்ற மாணாக்கன், வாதம் டெக்கார்ட்டினுடையது, மறுப்பு காண்ட்டினுடையது என மயங்குவன். ஐந்நூறு ஆண்டிற்கு மேற்பட்ட வழக்கின் கடையிரண்டு வாய்தாக்களை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறுவான் போல்வன் அவன்.

இயற்கை நூலினும் இஃதொக்கும். ஒருசீராக விரைவு மிகும் பொருள் கடக்கும் தொலைவு, அதன் நடுவேளை விரைவொடு சீராகச் செல்லும் பொருள் கடக்கும் தொலைவிற்குச் சமம் என்பதனை 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு அறிஞர் கண்டனர். ஒரேம் என்பார் வரைகணிதத்தால் நிறுவினர். 1638-இற் கலிலியோ வெளியிட்ட நூலில் அவ்விதியே அடிப்படையாய் நிற்கின்றது. விழும் பொருளின் இயக்கத்தொடு அதனைச் சோதனையாற் பொருத்தியது கலிலியோவின் தனிப்பெருமை. ஆயின் வித்து அவரது அன்று.

1874-இல் பிரன்டானோ என்பார், மனநிகழ்ச்சி ஒவ்வொன்றும் யாதானும் ஒரு பொருளை நோக்கியே நிற்கும் என்றபோது, அக்கருத்தை இடைக்காலப் பள்ளியாசிரியரிடமிருந்து பெற்றதாக வெளிப்படையாகவே கூறினர். அவர் மாணாக்கராகிய ஹுஸ்ஸர்ல் வழியாக அது 20-ஆம் நூற்றாண்டு மெய்யுணர்வின் ஒரு பெருங்கிளைக்கு வேராயிற்று. கடன் பெற்றமையை ஒப்பிய பிரன்டானோவின் பெருமை அதனாற் குறைந்ததில்லை.

இவற்றால், இடைக்காலத்தார் கூறிய யாவும் மெய் என்பது முடிபன்று. அரிஸ்டாட்டிலின் இயற்கைக் கொள்கைகள் பலவற்றை அவர் பிழையென உணராது போற்றியதும் உண்டு. குற்றங்காண்பார் காண்க, ஆயின் கற்றபின் காண்க. கல்லாது இகழ்வார்க்கு நேரும் கேடு, முன்னோர் புகழைக் குறைத்தலன்று. தம் கையிலிருக்கும் கருத்து எங்குப் பிறந்தது, எவரால் மறுக்கப்பட்டது, எங்ஙனம் தப்பிப் பிழைத்தது என்பதறியாது அதனையே ஆளுதலாம். இருட்காலம் என்பது அக்காலத்திற்கு உரிய பெயரன்று. அதனைக் கல்லாதார் கண்ணில் நிறைந்த இருளின் பெயரே என்க.