நட்டைத் திருகியதற்கு 600 ரூபாயா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அக்கா மகன் ஒரு செய்தி போட்டிருந்தான். பூந்தமல்லியில் ஒரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினானாம். "ஒரு பார்ட்டும் மாத்தல மாமா. சும்மா பாத்து சொன்னதுக்கு 500 ரூபா வாங்கிட்டான்." கீழே வரிசையாகக் கோபப் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். பத்து நிமிடம் கழித்து அதை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

எங்கள் வீட்டு வெள்ளைக் கார் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 1990களின் கடைசியில் வந்த சின்ன கார், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். அந்தக் காலத்தில் சின்ன காரில் ஆட்டோமேட்டிக் என்பது அபூர்வம். நாங்கள் பெருமைக்காக வாங்கவில்லை. சிறு வயதில் வந்த போலியோவால் என் மனைவிக்கு இடது காலில் பலம் இல்லை. கிளட்ச் மிதிக்க முடியாது. அந்தக் கார் இருந்ததால்தான் அம்பத்தூரிலிருந்து ஆவடியில் உள்ள பள்ளிக்கு யார் தயவும் இல்லாமல் தானே ஓட்டிக்கொண்டு போய்வந்தாள்.

2016-ல் ஒரு ஒர்க்ஷாப்பில் கார்புரேட்டர் சர்வீஸ் செய்தோம். அடுத்த வாரத்திலிருந்து வண்டி சரியில்லை. பாடி மேம்பாலம் ஏறும்போது மிதித்தால் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கியரும் நேரத்துக்கு முன்பே மாறிவிடுகிறது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார். செகண்ட் ஹேண்ட் பாக்ஸ் போட்டாலே 65,000 ஆகும். பேசாம வண்டியை வித்துடுங்க" என்றார்கள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒரு பழைய மாணவன் சொல்லி, புதூர் பக்கம் தகர ஷெட் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனோம். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா இதுல என்ன வேலை பாத்தீங்க?" கார்புரேட்டர் என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

முதலில் கியர் ஆயில் குச்சியை எடுத்து நிறம் பார்த்தார், முகர்ந்தார். சிவப்பு மாறவில்லை, தீய்ந்த வாடை இல்லை. அடுத்து டிரைவர் காலடியில் கிடந்த தடித்த மேட்டை எடுத்து வெளியே போட்டார். என்னை உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கச் சொல்லி, திராட்டில் முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்தார். அதன் பிறகுதான் ஒரு கேபிளைத் தொட்டார். "இதோ இருக்கு பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார்.

அது திராட்டில் வால்வ் கேபிள். பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? கடைசி பெஞ்ச், உன்னைத்தான். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் கிளட்ச் பிளேட்டுகளைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பது ஆயிலின் அழுத்தம். நாம் ஆக்சிலரேட்டரை அதிகம் மிதித்தால் எஞ்சின் அதிக விசையைக் கொடுக்கும். அப்போது பிளேட்டுகளின் பிடியும் இறுக வேண்டும். ஆனால் நாம் எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை கியர் பாக்ஸுக்கு யார் சொல்வது? இன்று சென்சாரும் கம்ப்யூட்டரும் சொல்கின்றன. அன்று இந்தக் கம்பிதான் சொன்னது. ஒரு முனை கார்புரேட்டரில், மறு முனை கியர் பாக்ஸுக்குள் ஒரு சின்ன வால்வில்.

கம்பி தொய்ந்தால், நாம் மெதுவாக மிதிப்பதாக கியர் பாக்ஸ் நினைத்துக்கொள்ளும். அழுத்தம் குறையும், கியர் சீக்கிரம் மாறும், பிளேட்டுகள் வழுக்கும், சூடேறித் தீயும். அளவுக்கு மீறி இறுகினால் கியர் தாமதமாக, உதறலோடு மாறும். பல ஜப்பானிய வண்டிகளில், திராட்டில் முழுக்கத் திறந்த நிலையில் கம்பியிலுள்ள குமிழுக்கும் உறையின் முனைக்கும் இடையே 0 முதல் 1 மி.மீ. வரைதான் இடைவெளி இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் ஏறக்குறைய 7 மி.மீ. இருந்தது. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர் இந்தக் கேபிளைத் திரும்ப அளவு வைக்கவில்லை.

பெரியவர் இரண்டு நட்டைத் தளர்த்தினார், உறையை நகர்த்தினார், அளவு பார்த்தார், இறுக்கினார். பிறகு கியர் பாக்ஸில் கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தைச் சரிபார்த்தார். சி.டி.ஹெச். ரோட்டில் ஆவடி வரை ஓட்டிக் காட்டினார். வண்டி பழையபடி இழுத்தது. "இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா, அவங்க சொன்னது உண்மையாயிருக்கும் சார்" என்றார்.

600 ரூபாய் கேட்டார்.

இங்கேதான் நான் செய்த காரியம். 65,000 மிச்சமான மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, "ரெண்டு நட்டு திருகினதுக்கு 600 ரூபாயா?" அவர் ஒன்றும் வாதாடவில்லை. "சரி, 400 குடுங்க சார்" என்றார். ஏதோ சாதித்த மாதிரி கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பும்போது அவள்தான் ஓட்டினாள். எஸ்டேட் வரை பேசவில்லை. பிறகு கேட்டாள், "ஏங்க, நீங்க டியூஷன் எடுத்தப்போ சாக்பீசுக்கா காசு வாங்குனீங்க?"

மறுநாள் போய் மீதி 200 ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அக்கா மகனுக்கும் உங்கள் எல்லோருக்கும் நான் சொல்ல வருவது இதுதான். நாம் பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், அறிவுக்குக் கொடுக்க மனசு வருவதில்லை. டாக்டர் மருந்தே எழுதாமல் "ஒண்ணுமில்லை, போங்க" என்றாலும் ஃபீஸ் வைத்துவிட்டு நிம்மதியாக வருகிறோம். மெக்கானிக் அதையே சொன்னால் ஏமாற்றுக்காரன் என்கிறோம். அப்படியானால் அவர் என்ன செய்வார்? பார்ட் மாற்றினால் லாபம், பார்த்துச் சொன்னால் கெட்ட பெயர் என்று ஆகிவிட்ட பிறகு எல்லோரும் பார்ட்டைத்தான் மாற்றுவார்கள். 65,000 ரூபாய் பில்லுக்கு ஒர்க்ஷாப்காரர் மட்டும் காரணமில்லை. 600 ரூபாய்க்குப் பேரம் பேசிய நானும்தான்.

"பார்த்தேன் என்று சொல்லி ஆளாளுக்குக் காசு பிடுங்கினால் என்ன செய்வது சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பார்க்க எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எதை எதைச் சோதித்தீர்கள், அளவு என்ன வந்தது, என்ன இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உண்மையாகப் பார்த்தவருக்கு இதற்குப் பதில் இருக்கும். "பாக்ஸ் போச்சு" என்று மட்டும் சொல்பவரிடம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்பேனரோடு இறங்காதீர்கள். அளவு வண்டிக்கு வண்டி மாறும். தப்பாக வைத்தால் நல்ல கியர் பாக்ஸும் தீய்ந்துவிடும். இப்போதைய கார்களில் இந்தக் கேபிளே கிடையாது. 2014-ல் செலேரியோவில் தொடங்கி நம் ஊரில் பரவிய ஏ.எம்.டி. வேறு வகை. அது சாதாரண கியர் பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது.

விஜயந்தா டாங்க் 1965-ல் வெளிவந்தது நம் ஆவடியில். பாடியிலும் எஸ்டேட்டிலும் மைக்ரோமீட்டர் பிடித்த கைகள் எத்தனை வீட்டில் இருக்கின்றன! அளவின் அருமை நமக்குத் தெரியாதா என்ன?

அந்தத் தகர ஷெட் இப்போது இல்லை. அந்த இடத்தில் மாவு கடை இருக்கிறது. பெரியவரின் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அந்த 200 ரூபாயைப் பேரம் பேசாமல் கொடுக்க ஊரில் நாலு பேர் இருந்திருந்தால் வந்திருப்பானோ என்னவோ.

அக்கா மகனே, அந்தப் பூந்தமல்லி மெக்கானிக்கின் போன் நம்பரை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் சார்